மின்தடை நாளில் எடுத்த குரல்

வீட்டிலேயே ரெக்கார்டிங் ஆரம்பிக்கப் போகிறேன், கம்ப்யூட்டருக்குக் குறைந்த விலையில் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் எது என்று உங்களில் ஒருவர் என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க விரும்பவில்லை. மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றி யூடியூபில் பேசாத ஆளே கிடையாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலை சுற்றிய பிறகுதான் என்னிடம் வருகிறீர்கள். வாருங்கள், பரவாயில்லை.

ஆரணியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் பல வருடம் ரெக்கார்டிங் அறை வைத்திருந்தேன். பட்டுக்கடை விளம்பரம், கோயில் திருவிழா அறிவிப்பு, வந்தவாசியிலிருந்தும் தேசூரிலிருந்தும் வருகிற பஜனைக் குழு என்று எல்லாம் பார்த்தாயிற்று. இடது காது பழுதானதும் அறையைப் பூட்டிவிட்டேன். பெட்டிகளின் மாடல் பெயர் எனக்கு இப்போது மனதில் நிற்பதில்லை. அதனால் கடைசியாக நான் ஒரு பெட்டி வாங்கின கதையைச் சொல்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. வேறு சிலதும் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்னமும் முதுகு சில்லிடும்.

ஏழுமலையின் குரல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆளைத் தெரிந்திருக்காது. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வருமே, மாடு காணவில்லை என்று, தண்ணீர் வராது என்று, இன்னார் இறந்துவிட்டார் என்று, அந்தக் குரல். நெசவாளி. தறியை விட்டுவிட்டு அறிவிப்பே தொழிலாக வைத்துக்கொண்டவர். நல்ல கனமான குரல். சாவுச் செய்தியைக்கூட அழவைக்காமல், ஆனால் தெருவில் நடந்துபோகிறவன் நின்று கேட்கும்படி சொல்வார்.

அவர் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி, ஒரு வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் குறித்துவிட்டார்கள். சென்னையில் இருக்கிற அவர் மகள் எனக்கு போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா பேசறத சுத்தமா பதிவு பண்ணிக் குடுத்தா, அப்பால அவரு போன்ல டைப் பண்றத அவரு குரல்லயே பேச வைக்கலாமாம். ஆனா பின்னால வேற சத்தம் இருக்கக் கூடாதுன்றாங்க. அப்பா வேற எடத்துக்கு வர மாட்டேன்றாரு. ஊட்லயே எடுக்க முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

இரண்டு பக்கமும் விசைத்தறி. எதிர்வரிசையிலும் விசைத்தறி. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். ஆபரேஷனுக்கு முந்தின திங்கட்கிழமை போய் என் பழைய பெட்டியை மாட்டிப் பார்த்தேன். ஏழுமலை பேசினது ஒரு பங்கு, தறி பேசினது மூன்று பங்கு. அவருக்குக் குரல் வேறு கம்மிப்போயிருந்தது. அக்கம்பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"இன்னாங்க பேசறீங்க?" என்றார் ஏழுமலை. "சாவுன்னா நிறுத்துவாங்க. நான் இன்னும் சாவலியே."

அப்போதுதான் அவர் மனைவி பச்சையம்மா சொன்னார். "நாளிக்கு செவ்வாக்கெழம, முழுக்க கரண்ட் இருக்காதுங்க. மாசா மாசம் நிறுத்துவாங்களே, அது. அன்னிக்கு தெருவே கம்முனு கெடக்கும்."

மாதாந்திரப் பராமரிப்பு. வியாழனுக்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்த ஒரே அமைதி அதுதான். ஆனால் என் பழைய பெட்டி சுவரில் செருகினால்தான் உயிர் பெறும். தறி நிற்கும்போது அதுவும் நின்றுவிடும்.

ஆகவே வேலூருக்கு ஓடினேன். கடைக்காரப் பையன் எத்தனை மைக் செருகலாம், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று ஒப்பித்துக்கொண்டே போனான். எனக்கு மூன்றே விஷயம் தெரிய வேண்டியிருந்தது. லேப்டாப் பேட்டரியில், அந்த ஒரு யூஎஸ்பி வயரிலேயே வேலை செய்யுமா? கம்மின குரலைத் தூக்கிக் கேட்டால் 'உஸ்' என்று இரையாமல் இருக்குமா? பேசுகிறவர் தன் குரலை ஹெட்போனில் கம்ப்யூட்டரைச் சுற்றிவராமல் நேராகக் கேட்க வழி இருக்கிறதா? என் லேப்டாப்பையே எடுத்துப் போய், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மைக்கில் கிசுகிசுவென்று பேசிப் பார்த்துத்தான் வாங்கினேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும். வாங்கினது இருந்ததிலேயே விலை குறைந்த வரிசையில் ஒன்று. அதற்கான மென்பொருளை அன்றைக்கே நிறுவிவிட்டேன். கரண்ட் போனால் நெட்டும் இழுக்கும், அப்போது உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு பயனில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மேசையை அவர் எப்போதும் உட்காருகிற மூலையிலேயே போட்டிருந்தார்கள். தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றன.

வெயில் நேரத்து அமைதியில் எனக்கு எப்போதுமே ஒரு பயம் உண்டு. ராத்திரி அமைதியாக இருந்தால் அது நியாயம். பட்டப்பகலில், ஆட்கள் எல்லாரும் விழித்திருக்கிற தெருவில், ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வீட்டில் யாரோ தட்டை மூடி வைத்தது கேட்டது. சிமெண்ட் ஷீட்டின் மேல் காக்காய் நடப்பது கேட்டது. நாங்கள் மூன்று பேரும் காரணமே இல்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

மகள் அனுப்பின வாக்கியங்களை ஏழுமலை படித்தார். பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பையன் மாதிரி இருந்தது. அது அவர் குரலே இல்லை. காகிதத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உங்க வாய்க்குத் தானா வர்றதச் சொல்லுங்க. பதிவு பண்ணல, சும்மா அளவு பார்க்கறேன்" என்றேன்.

வாய்க்குத் தானாக வருவது எது? சாவுச் செய்திதான். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சோதித்துப் பார்ப்பதற்காகக்கூட உயிரோடு இருக்கிற அடுத்தவர் யார் பெயரையும் அந்த வாசகத்தில் வைக்க மாட்டோம். இறந்தவர் பெயரையும் இன்னொரு முறை இழுக்க மாட்டோம். அப்படியானால் யார் பெயர் மிச்சம்?  ஏழுமலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நமது தெருவைச் சேர்ந்த நெசவுத் தொழிலாளி ஏழுமலை அவர்கள், இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை மிகுந்த வருத்தத்துடன்..."

அத்தோடு நின்றார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யாரோ எனக்குப் பின்னாலயே சொல்லிகினு வராங்க."

"யாரு?"

"நாந்தான். நான் சொன்னதும், அப்பால இன்னொரு தபா. என் பேரு. என் கொரலு." எழுந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் வேணாங்க. போயிடுங்க. எடுத்தது போதும்."

அடுக்களை வாசலில் பச்சையம்மா சிலையாக நின்றிருந்தார். புருஷன் தன் சாவைத் தானே அறிவித்ததை அவர் முழுக்கக் கேட்டிருந்தார்.

எனக்கு என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. பெட்டி அவர் குரலை நேராகவும் கொடுத்தது. புதிதாக நிறுவின மென்பொருளும் தன் பங்குக்கு அதே குரலை வாங்கி, கணக்குப் போட்டு, ஒரு நொடிப்பொழுது தாமதமாகத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு குரல். வீட்டில் ரெக்கார்டிங் செய்கிற எல்லாருக்கும் முதல் நாளே நடக்கிற கூத்து இது. ஆனால் அதை அந்த நேரத்தில் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். பயந்தவனுக்குப் பாடம் நடத்தக் கூடாது. மின்சாரம் எந்த நேரமும் வந்துவிடலாம், நாளை மறுநாள் ஆபரேஷன்.

ஹெட்போனை எடுத்துப் பச்சையம்மாவின் தலையில் மாட்டினேன். "எதாவது பேசுங்கம்மா" என்றேன்.

"இன்னா பேசறது?" என்றவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அய்ய, நான் பேசறதயே திருப்பி எனக்கே சொல்லுதுங்க இது! இன்னாடி பச்சையம்மா? சோறு ஆச்சாடி?" ஒவ்வொன்றும் திரும்பி வர வர அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏழுமலையிடம், "பேயா இருந்தா எனக்கு எதுக்கு என் கொரல்ல வருது? மிஷினுங்க இது, வந்து உக்காருங்க" என்றார்.

மென்பொருளின் வாயை மூடினேன். பெட்டியில் நேராகக் கேட்கும் குமிழை மட்டும் விட்டுவைத்தேன். ஏழுமலை ஒரு காதில் மட்டும் வைத்துப் பார்த்தார், பிறகு மாட்டிக்கொண்டார். இப்போது புரிகிறதா, வேலூரில் அந்த மூன்றாவது கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று? தன் குரல் தனக்குப் பின்னால் வந்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் தடுமாறுவான்.

இந்த முறை மாடு காணாமல் போன அறிவிப்பு. "செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி..." கம்மின குரல்தான், ஆனால் அது அவர். எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. பதிவு போட்டேன்.

கொஞ்ச நேரத்தில், நான் பெட்டியோடு இணைத்து மாட்டியிருந்த இன்னொரு ஹெட்போனில் வேறொன்று கேட்டது. குரலுக்கு அடியில். மெதுவாக, ஒரே தாளத்தில், தொப் தொப்... தொப் தொப்...

அவர் பேச்சை நிறுத்தினார். அதுவும் நின்றது. மறுபடி பேசினார். அதுவும் ஆரம்பித்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். கூடத்தில் ஒன்றும் இல்லை. அவர் குரல் மட்டும். மாட்டினால் அது இருந்தது. தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். தறிக்காரர்கள் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாமே, யாராவது நெய்கிறார்களோ என்று உள்ளே வந்து கேட்டேன்.

"பின்னால ஒரு ஊட்லதான் கைத்தறி" என்றார் பச்சையம்மா. "அவங்க கல்யாணத்துக்கு தேவிகாபுரம் போயிட்டாங்க. பூட்டிக் கெடக்குது."

எடுத்த வரைக்கும் பச்சையம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கேட்டார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. என் பக்கம் குனிந்து, ஏழுமலைக்குக் கேட்காதபடி சொன்னார்.

"தறி ஓடுதுங்க."

"எந்தத் தறி?"

"எங்க ஊட்டுத் தறி. ரெண்டு மிதி, ஒரு நிறுத்து, மறுபடி ரெண்டு. எனக்குத் தெரியாதா? அதப் பிரிச்சு வித்தாச்சுங்க. பொண்ணு பள்ளிக்கூடம் போய்கினு இருந்தப்பவே வித்தாச்சு."

எனக்குக் கையில் மயிர் குத்திட்டது என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் எவ்வளவோ இரைச்சலைக் கண்டுபிடித்துக் களைந்திருக்கிறேன். இல்லாத தறியின் சத்தத்தை எங்கே போய்த் தேடுவது?

"தறி எங்க இருந்துது?" என்று கேட்டேன். பச்சையம்மா கையைக் காட்டினார். நாங்கள் மேசை போட்டிருந்த மூலையை.

குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் தரையில் பெரிய கடப்பா கல் பதித்திருந்தது. குழித்தறியில் கால்மிதிக்காக வெட்டின குழியை அவர்கள் மண் போட்டுத் தூர்க்கவில்லை, கல்லைப் போட்டு மூடியிருந்தார்கள். அடியில் வெறும் பள்ளம். மைக் ஸ்டாண்டின் கால் அந்தக் கல்லின் மேல். ஏழுமலையின் இரண்டு பாதங்களும் அதே கல்லின் மேல்.

"மறுபடி சொல்லுங்க" என்றேன். அவர் ஆரம்பித்தார். வலது பாதம் அழுத்தியது, இடது பாதம் அழுத்தியது, நின்றது. வெறுங்காலால், குதிகாலைத் தூக்காமல், கல்லை உரசுகிற அளவுக்குத்தான். பக்கத்தில் நின்றாலும் கேட்காது. குழி அதை வாங்கிப் பெரிதாக்கி மைக்குக்குக் கொடுத்தது. தறியை விட்டு இத்தனை காலத்துக்குப் பிறகும் அவர் கால் மிதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது சுத்தமாகத் தெரியாது; ஹெட்போனில் கேட்டாலும், பழகிப்போன காது அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? காலை ஆட்டாதீர்கள் என்று சொல்வீர்கள். நானும் சொல்ல வாயெடுத்தேன். பஜனைக் குழுவில் ஒரு பாடகர் ஞாபகத்துக்கு வந்தார். தொடையில் தட்டித் தாளம் போடாதீர்கள் என்று சொன்ன நாளோடு அவர் பாட்டில் இருந்த உயிர் போய்விட்டது. ஏழுமலையின் கால் நின்றால் குரலும் மறுபடி வாக்கியம் ஒப்பித்த அந்தப் பள்ளிக்கூடப் பையன் குரலாகிவிடும். நாளை மறுநாளுக்குப் பிறகு திருத்தி எடுக்கவும் முடியாது. பச்சையம்மாவிடம் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவரும் புரிந்துகொண்டார்.

மைக் ஸ்டாண்டைத் தூக்கி வெளியே வைத்தேன். மேலே உத்திரத்தில் தறிக் கயிறு கட்டின பழைய கொக்கி இருந்தது. பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக் இருக்கிறதா என்று பச்சையம்மாவிடம் கேட்டேன். தையல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் மைக்கைக் கட்டி, அவர் வாய்க்கு நேராகத் தொங்கவிட்டேன்.

"இன்னாங்க இது, தூளியா?" என்றார் ஏழுமலை.

"ஆமா, உங்க கொரலத் தூங்க வைக்கறேன். ஜல்தியா ஆரம்பிங்க."

தரைக்கும் மைக்குக்கும் தொடர்பு அறுந்தது. தொப் சத்தம் போயிற்று. அவர் கால் மட்டும் தன் போக்கில் மிதித்துக்கொண்டிருந்தது. திருவிழா, தண்ணீர், தள்ளுபடி, மாடு, பிறகு மகளிடம் பேசுகிற மாதிரி, மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி, கடைக்காரனைத் திட்டுகிற மாதிரி. போதும் என்று நான் சொல்லவும், இரண்டு பக்கத்துத் தறிகளும் ஒரே நேரத்தில் இரைந்து எழவும் சரியாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மகள் போனில் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாள். அவர் விரலால் தட்டுவார், போன் அவர் குரலில் பேசும். எனக்கும் ஒரு முறை அனுப்பினார். கேட்டுவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

சில மாதம் கழித்துப் பச்சையம்மா என்னைத் தேடி வந்தார்.

"பயமா இருக்குதுங்க" என்றார். "கொரலு அவருதுதான். ஆனா ஆளில்லாம வருது. அடுப்பாண்ட நின்னுகினு இருப்பேன், திடீர்னு முதுகுக்குப் பின்னால 'பச்சை'ன்னு கொரலு கேட்டா தூக்கிவாரிப் போடுது. முன்னெல்லாம் அப்படி இல்ல. அவரு கூப்படறதுக்கு முன்னாலயே நான் திரும்பிடுவேன். எதுக்குத் திரும்பறேன்னு எனக்கே தெரியாது. அன்னிக்கு உங்க மிஷின்ல கேட்டப்பதான் தெரிஞ்சுது. இத்தினி வருஷமா அந்தக் காலு என் காதுல விழுந்துகினே இருந்திருக்குது. இப்போ விரலாலதான தட்றாரு, காலு ஆடறதே இல்ல." பிறகு கேட்டார். "அந்தக் கெட்டுப்போனது இருக்குதாங்க? சத்தத்தோட இருந்துதே, அது?"

இருந்தது. கெட்டுப்போன பதிவை அன்றே அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உங்களுக்கும் வேண்டாம். எது குப்பை என்று அன்றைக்கே தெரிந்துவிடாது.

மறுநாள் லேப்டாப்பையும் அந்தப் பெட்டியையும் ஒரு ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தறிகள் நின்றிருந்தன. ஏழுமலை அதே மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பச்சையம்மா டீ போட அடுக்களைக்குள் போனார். அவர் வருவதற்குள் ஸ்பீக்கர் பேசுகிறதா பார்ப்போம் என்று ஓடவிட்டேன்.

"செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி..."

குரலும் வந்தது, அடியில் அந்தத் தொப்பும் வந்தது. ஏழுமலை அசையாமல் கேட்டார். தன் குரலைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கண் ஸ்பீக்கரில் இல்லை, தரையில் இருந்தது. அந்தச் சத்தம் என்ன என்று அவருக்கு இப்போதுதான் பிடிபட்டது போலிருக்கிறது. எனக்குச் சங்கடமாகி நிறுத்தும் பட்டனை அழுத்தினேன்.

மாடு நின்றது. தொப் நிற்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். லேப்டாப் ஏற்கெனவே ஊமையாகத்தான் இருந்தது. என் காலுக்கடியில் கல் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மைக்குக்கு மட்டும் கேட்டது, இன்றைக்கு வெறுங்காதுக்கே கேட்கிற அழுத்தம்: இரண்டு மிதி, ஒரு நிறுத்து, மறுபடி இரண்டு. ஏழுமலை தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், யாருடையதோ போல.

அடுக்களையில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. பச்சையம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரையும் பார்க்கவில்லை.

"கூப்ட்டீங்களா?" என்று அவரைக் கேட்டார்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.